மழைநாள் தூக்கமும் உறங்காத ராசாவும்

ருவான்வெல்லைக் கடைவீதியிலிருந்து உள்ளே ஏறுகிற ரப்பர் தோட்டமொன்றின் மேற்பிரிவில், பத்துக் காம்பராக்கள், அதாவது பத்து அறைகள், ஒட்டி நிற்கும் லயத்தில், நாலாவது காம்பராவில் குடியிருக்கும் சிவனம்மாவைப் பேராசைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. அவர் காணி கேட்டதில்லை, தனி வீடு கேட்டதில்லை. கேட்டவர்களுக்கே கிடைக்கவில்லை என்பதால் அந்த விஷயத்தில் அவருக்கு மனக்குறையும் இல்லை. அவர் இந்த உலகத்திடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மழை பெய்கிற நாளில் கொஞ்சம் தூங்க வேண்டும்.

இதன் அருமை தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளங்காது. தேயிலைக் கொழுந்தை மழையிலும் கிள்ளலாம். படங்கைப் போர்த்திக்கொண்டு போ என்று விரட்டிவிடுவார்கள். ரப்பர் அப்படியில்லை, அது ரோஷமுள்ள மரம். பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரம் முழுக்கப் பரவி, மழைத்தண்ணீரோடு மண்ணுக்குப் போய்விடும். ஆகவே விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் குடையோடு நிற்கும் வெளிக்கள அதிகாரி மாத்தயா முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு ஆட்களைப் பார்ப்பார், அப்புறம் "அத வெட நே" என்று சிங்களத்தில் சொல்வார். இன்றைக்கு வேலை இல்லை. சம்பளமும் இல்லை என்பதை அவர் சொல்வதில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல. எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார்கள். சபை மரியாதைக்காகச் சிவனம்மாவும் முகத்தைத் தொங்கப்போடுவார். லயத்து முடக்கில் திரும்பியதும் அவருடைய நடை மட்டும் கொஞ்சம் வேகமாகிவிடும்.

பதினெட்டு வயதில் பால் வெட்டக் கத்தி பிடித்தவர். அன்றிலிருந்து சேவல் எழுந்திருக்குமுன் எழுந்து, மனித முகம் தெரியுமுன் மலையில் நின்று, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, பால் வாளியைச் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்து, திரும்பி வந்து அடுப்பு மூட்டி, விறகு பொறுக்கி, துணி அலசி, இப்படியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. புருஷன் வரக்காப்பொலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறார், மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். இந்த உடம்புக்குள் தூங்காத தூக்கம் அடுக்கடுக்காகக் கிடந்தது. மழைநாளில் கம்பளிக்குள் சுருண்டால்தான் அதில் ஒரு அடுக்காவது கரையும்.

அந்தத் தூக்கத்தைப் பறித்தது ஒரு மூக்குக்கண்ணாடி.

தோட்டத்துக்கு ஒருமுறை கண் பரிசோதிக்கும் முகாம் வந்தது. பலருக்கும் பார்வைக் குறை இருந்தது. ஆனால் கண்ணாடி போட்டால் கிழவியாகிவிடுவோம் என்று பெண்களும், மைனர் தோற்றம் கெட்டுவிடும் என்று ஆண்களும் நழுவிவிட்டார்கள். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லையே என்று சிவனம்மா மட்டும் வாங்கிக்கொண்டார். அதன் விளைவாக, லயத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரே ஆள் என்கிற பதவி, அவர் கேட்காமலேயே அவர்மேல் ஏறிக்கொண்டது.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு வெள்ளை வேனில் ஏதோ ஒரு அமைப்பைச் சேர்ந்தவர்கள் வந்திறங்கினார்கள். பெருந்தோட்டச் சிறார்களிடையே செவ்விலக்கிய வாசிப்பை வளர்ப்பது அவர்களுடைய திட்டம். பதாகை கொண்டுவந்திருந்தார்கள், மைக் கொண்டுவந்திருந்தார்கள், பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்கள். புத்தகமும் கொண்டுவந்திருந்தார்கள், ஒன்று. தலையணைப் பருமனில் ஒரு பழைய காப்பியம், பாட்டும் உரையுமாக. முன்பக்கங்கள் கொத்தாகக் கிழிந்து போயிருந்ததால் நூலின் பெயரும் தெரியாது, பாடியவர் பெயரும் தெரியாது. யாரோ வீடு மாறும்போது வேண்டாம் என்று கொடுத்தது போலிருந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார்கள். நடுவில் உட்கார்ந்து வாசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, படம் எடுப்பதற்கு. கமராக்காரர் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மா வாங்க. பொருத்தமா இருக்கும்."

படம் நன்றாக வந்தது என்று கேள்வி. வேன் போய்விட்டது. பதாகையை அடுத்த காம்பராச் சுப்பம்மா கோழிக்கூட்டுக்குக் கூரையாக்கிக்கொண்டார். பிஸ்கட் அன்றைக்கே தீர்ந்தது. தீராமல் மிஞ்சியது இரண்டுதான், புத்தகமும் பிள்ளைகளும்.

அடுத்த மழைநாளில் சிவனம்மா கம்பளியைத் தலைவரை இழுத்தபோது கதவைத் தட்டினார்கள். மழை கனத்தால் பள்ளிக்கூடத்துப் பாதையில் இருக்கிற சின்னப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். பெரியவர்களுக்கு வேலையும் இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர், கோழிக்குஞ்சு மாதிரி நனைந்துகொண்டு. முன்னால் நின்றவள் கலைச்செல்வி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் இராமசாமியின் மகள், ஐந்தாம் வகுப்பு. தகப்பன் கூட்டங்களில் பேசுவதைப் பார்த்து வளர்ந்ததால், பொதுமக்கள் சார்பில்தான் பேசுவாள்.

"அத்த, நாங்க எல்லாரும் வந்திருக்கோம். மிச்சத்தப் படிங்க."

"என்னாடி மிச்சம்?"

"ராசா சத்தியம் பண்ணுன எடத்துல போட்டோ புடிச்சிட்டு நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் என்னா நடந்துச்சு?"

சிவனம்மாவுக்கு அப்போதே கதவைச் சாத்தத் தெரிந்திருந்தால் இந்தச் சரித்திரத்தை இத்தோடு முடித்துவிடலாம். ஈரத்தலையோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து, "உள்ள வந்து தலையத் தொவட்டுங்க மொதல்ல" என்றார். தவறு அங்கே நடந்தது.

காப்பியத்தின் கதை சிக்கலானதல்ல. ஒரு நாட்டு ராசா, தன் நாட்டில் இருட்டாகக் கிடக்கிற வீடு ஒன்றுகூட இல்லாமல் ஆகும்வரை தான் உறங்குவதில்லை என்று சபதம் செய்கிறான். 'இருள்மனை உளவரை இமைபொருந் தாவென' என்று பாட்டு. பிறகு ஒவ்வோர் இரவும் நடந்துபோய், விளக்கில்லாத வீட்டைக் கண்டால் எண்ணெய் கொடுத்து ஏற்ற வைக்கிறான். மந்திரிகளும் புலவர்களும் அவன் தூங்காமலிருப்பதைப் பாடிப் பாடிப் புகழ்கிறார்கள். இவ்வளவுதான். ஆனால் பாடியவருக்கு அவசரமே இருந்ததில்லை. ராசா அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வீதி வர்ணனை, மாட வர்ணனை, மாடத்துப் புறாவின் கழுத்து வர்ணனை.

சிவனம்மா பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவர். பாட்டை ஒருமாதிரி இழுத்துப் பாடிவிடுவார், விளங்காத இடத்தில் உரையைப் பார்ப்பார், உரையும் விளங்காத இடத்தில் இருமுவார். சீக்கிரம் புத்தகத்தை முடித்துவிட்டால் தூக்கம் திரும்பக் கிடைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வாசித்தார். பிள்ளைகள் விடவில்லை.

"அத்த, நில்லுங்க," என்றான் நிரோஷன். ஆறாவது காம்பராக்காரன், எதையும் நம்பாதவன். "ராசா வீடு வீடா எண்ண குடுத்தாரு, சரி. அந்த எண்ணைய ஆட்டுனது யாரு?"

"செக்கு ஆட்டுற ஆளுக."

"அவங்க தூங்குனாங்களா?"

"அது பாட்டுல இல்ல."

"ஏன் இல்ல?"

"எழுதுனவருக்கு மறந்து போயிருக்கும். அடுத்த பாட்டுக்குப் போவோம்."

"புறா கழுத்து மறக்கல்ல, செக்கு ஆட்டுறவங்க மட்டும் மறந்து போச்சாக்கும்," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஹிமாயா. தோட்டச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஜுனைதீன் நானாவின் மகள். லயத்துப் பிள்ளையில்லை என்றாலும், மழையென்றால் வாப்பாவின் பெரிய குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவாள்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தாருன்னா, பகல்ல ராச வேலைய யாரு பாத்தா?" இது கலைச்செல்வி.

"மந்திரிமாரு பாத்திருப்பாங்க."

"அப்ப மந்திரிமாருக்கு அவரு தூங்காம இருக்கிறது நல்லதுதானே. அதான் பாட்டுப் பாடுறாங்க."

ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் விசாரணை. ராசா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் சிவனம்மா கண் எரிய. சில சமயம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலை சரியும், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். யாராவது முழங்கையைத் தொடுவார்கள். "ராசா தூங்க மாட்டாராம் அத்த, நீங்க தூங்குறீங்க" என்று ஒரு வாண்டு சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். சிவனம்மாவும் சிரிப்பார். அன்று சாயங்காலம் மாவு பிசையும்போதும் நிரோஷனின் கேள்வி விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். செக்கு ஆட்டினவன் எப்போது தூங்கியிருப்பான்?

மறுநாள் மழை விட்டிருக்கும். கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். இருட்டில் மரத்துக்கு மரம் நடக்கும்போது கால் தானாக நடக்கும், கை தானாக வெட்டும், கண் பாதி மூடியிருக்கும். இந்த நிலையில்தான் ஒருநாள் கத்தி வழுக்கி இடது கைப் பெருவிரலைச் சீவிவிட்டது. ஆழமில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச மரத்தையும் வெட்டினார். ஆனால் அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. தூக்கம் என்பது ஆசை என்று நினைத்திருந்தார். இல்லை, அது உடம்புக்குக் கட்டாயமான சாமான். ஒன்று இந்தப் புத்தகம் முடிய வேண்டும், இல்லையென்றால் விரல் முடியும்.

அப்போதுதான் அந்த வருடத்து வைகாசி மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. பெரட்டுக் களத்தில் மாத்தயா வாய் திறக்கவே இல்லை, குடையைத் தூக்கிக் காட்டினாலே ஆட்கள் திரும்பிப் போனார்கள். பட்டை நனையாதிருக்க மரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மறைப்புகள் போன வருடமே கிழிந்து தொங்கின. அதைப் புதுசாக்கித் தரும்படி கேட்கப்போன தலைவர் இராமசாமிக்கு, நிர்வாகம் ஆவன செய்யும் என்று பதில் கிடைத்தது. அந்தப் பதில் மழைக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசை. மழையை நிறுத்து தாயே என்று லயமே கைகூப்பி நின்றது. எல்லாரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்க, கலைச்செல்வி மட்டும் பொதுக்கூட்ட வழக்கத்தில் வாய்விட்டு வேண்டினாள்.

"ஆத்தா, இன்னம் கொஞ்ச நாளைக்கு மழ பெய்யணும் ஆத்தா. ராசா கடைசி ஊருக்குப் போயிட்டாரு. கதை முடியிற வரைக்கும் வெயிலடிக்கக் கூடாது. நாங்க எல்லாரும் சேந்து ஒரு தேங்கா ஒடைக்கிறோம்."

பக்கத்தில் நின்ற தாய்க்காரி அவள் வாயைப் பொத்துவதற்குள் மனு போய்ச் சேர்ந்துவிட்டது. பூசாரியின் மணி பாதியில் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு அதே காரியத்தில்தான் இருந்தார்கள் என்பது அப்போது தெரிந்தது. கோயிலை விட்டு இறங்கும்போது மழை இன்னும் கனத்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

மறுநாள் காலையில் கூட்டம். கோயில் முற்றத்தில் தண்ணீர் நின்றதால் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் கூடினார்கள். தொட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தலைவர் இராமசாமி நடுவில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அது மூன்று வயதுக்காரர்களுக்கான நாற்காலி என்பதால் அவருடைய முழங்கால் தாடையைத் தொட்டது. இருந்தாலும் கம்பீரம் குறையவில்லை. சந்தியிலிருந்து ஜுனைதீன் நானாவும் வந்து கதவோரம் நின்றார். அவருக்கும் விசனம் இருந்தது. மழை நின்றால்தான் தோட்டத்தில் வேலை, வேலையிருந்தால்தான் கடையில் ஆள். சிவனம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயமில்லை. உள்ளுக்குள் ஒரு நம்பிக்கைகூட இருந்தது. தடை போடட்டும். நன்றாகப் போடட்டும். போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"ஒரு பக்கம் நாங்க மழ நிக்கணும்னு கும்புடுறோம்," என்று தலைவர் ஆரம்பித்தார். "இன்னொரு பக்கம் நம்ம வயித்துல பொறந்ததுகளே மழ வேணும்னு கும்புடுதுக. சாமி யாரு சொல்றதக் கேக்கும்? சின்னப் புள்ளைக சொன்னாத்தான் கேக்கும். அதனால இந்த வாசிப்ப நிப்பாட்டணும்னு நான் முன்மொழியிறேன்."

"நான் கோயில்ல கேக்கல்ல," என்று ஹிமாயா தகப்பனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கம் கொடுத்தாள். "நான் ஊட்ல இருந்து துஆ கேட்டேன்."

"யா அல்லாஹ், நீயும் கேட்டியா?" ஜுனைதீன் நானா நெற்றியில் கைவைத்தார். "அப்ப ரெண்டு பக்கத்தாலயும் போயீக்கி. எப்பிடி மழை நிக்கிற?"

"வழிமொழியிறதுக்கு ஆள் இருக்கா?" என்றார் தலைவர்.

மூன்றாவது காம்பராச் சுப்பம்மா எழுந்தார். சிவனம்மாவுக்கு அடுத்த வீடு, வாய்க்குப் பெயர் போனவர். வழிமொழிவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"நிப்பாட்டுறது இருக்கட்டும் தலவரே. கடைசி ஊர்ல ஒரு வீடு மட்டும் இருட்டா கெடக்குன்னு நேத்து படிச்சாக. அது யாரு வீடு? அதத் தெரிஞ்சிக்காம நிப்பாட்டுனா எனக்கு மண்ட வெடிச்சிரும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியாமலிருக்கும்? லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரையைத் தொடுவதில்லை. முதல் காம்பராவில் ஒருவர் தும்மினால் பத்தாவது காம்பராவில் ஆயுசு நூறு என்பார்கள். வேலையில்லாத மழைநாளில், பத்துக் காம்பராவும் படுத்துக்கொண்டும் பிளேன்டி குடித்துக்கொண்டும், சுவருக்கு மேலால் வந்த காப்பியத்தை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இது சிவனம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தான் மட்டும்தான் முழித்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார்.

"அந்த மந்திரிதான் கள்ளன்," என்றார் ஒருவர். "எண்ணெயில கலப்படம் பண்றது அவந்தான்."

"ராசாவே சரியில்ல," என்றார் சுப்பம்மா. "ஊருக்கெல்லாம் வெளக்கு ஏத்துறாரு, ராணி மொகத்த என்னைக்காவது பாத்தாரா? எங்க வீட்டு ஆளு மாதிரி."

"அப்பிடிச் சொல்லாத," என்று தலைவர் தம்மை மறந்து நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. "தலைவன்னா முழிச்சுத்தான் இருக்கணும். பொது வேலைன்னா தூக்கம் பாக்க முடியாது."

"நீங்க கூட்டத்திலேயே தூங்குவீங்களே அப்பா," என்றாள் கலைச்செல்வி. மடுவம் அதிர்ந்தது.

"எங்கட ஊட்ல இந்தக் கதை ஒவ்வொரு மழைக்கும் பார்சலா வருது," என்றார் ஜுனைதீன் நானா. "மகள் வந்து சொல்ற. ராசா சுபஹு தொழுகைக்குப் பொறகாலும் கொஞ்சம் சாஞ்சீக்கலாம்தானே எண்டு என்ட மனுசி கேக்கிறா. நல்ல கேள்வி."

தடை போட வந்த கூட்டம் இப்போது ராசா கட்சி, ராணி கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கூரையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மழையைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. சிவனம்மா பார்த்தார். இப்படியே விட்டால் இன்றைய பொழுதும் போய்விடும். பெருவிரலில் சுற்றியிருந்த துணி ஊறிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்தார்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் பாட்டுத்தான் இருக்கு. இப்பவே முடிச்சிர்றேன். எடையில யாரும் கேள்வி கேக்கக் கூடாது. தலவருக்கும் சேத்துத்தான்."

வாசித்தார். இந்த முறை ஓடவில்லை, ஓடவும் முடியவில்லை.

நாடு முழுக்க விளக்கெரிகிறது. கடைசி ஊரின் கடைசி வீடு மட்டும் இருட்டு. ராசா எண்ணெய்க் குடத்தோடு கதவைத் தட்டுகிறான். யார் என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்கிறது. ராசா என்கிறான். உன் வீட்டில் ஏன் விளக்கில்லை, எண்ணெய் இல்லையா, திரி இல்லையா என்று கேட்கிறான். அவள் கதவைத் திறக்காமலே சொல்கிறாள்: விளக்கு இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. பகல் முழுக்கச் செக்கு ஆட்டிவிட்டு வந்தேன், தூக்கம் வருகிறது, அதனால் அணைத்தேன். இருட்டுவது தூங்குவதற்குத்தானே. நீயும் போய்த் தூங்கு.

ராசா அங்கேயே வாசற்படியில் உட்கார்கிறான். எண்ணெய்க் குடம் கையிலிருந்து நழுவுகிறது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவனுடைய இமை மூடுகிறது. பின்னால் வந்த புலவர்கள் என்ன பாடுவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அத்துடன் நூல் முற்றிற்று.

சிவனம்மா புத்தகத்தை மூடினார். தொட்டிலுக்குள் கிடந்த ஒரு கைக்குழந்தை மட்டும் ஏதோ பேசியது.

"பாத்தீங்களா, செக்கு ஆட்டுனவங்கள எழுதுனவரு மறக்கல்ல," என்றான் நிரோஷன், அவனுக்கே நம்ப முடியாமல். "கடைசிக்கு வச்சிருந்திருக்காரு."

"ஏன் அத்த யாருமே ராசாகிட்ட தூங்குங்கன்னு மொதல்லயே சொல்லல்ல?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"அவரு முழிச்சிருந்தது எல்லாருக்கும் வசதியா இருந்திச்சு. அதான்."

கலைச்செல்வி யோசித்தாள். அவள் பார்வை சிவனம்மாவின் பெருவிரல் துணிக்குப் போய், அங்கிருந்து கண்ணாடிக்குப் பின்னால் சிவந்திருந்த கண்ணுக்குப் போனது.

"அத்த, நீங்க எப்ப தூங்குவீங்க?"

"மழ பேஞ்சாத்தான்."

"மழ பேஞ்சா நாங்க வந்துர்றமே."

"ஆமா," என்றார் சிவனம்மா. "வந்துர்றீங்க."

இவ்வளவுதான் பேச்சு. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. சுப்பம்மா சேலைத் தலைப்பை எடுத்து, மடியிலில்லாத எதையோ தட்டினார். நேற்று, இன்னும் கொஞ்சம் படிக்கச் சொல்லு என்று சுவருக்கு மேலால் நிரோஷனிடம் குசுகுசுத்தது அவர்தான் என்று இப்போது சிவனம்மாவுக்கு விளங்கியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். நெருக்கடியான நேரத்தில் தீர்மானம் போடுவது அவருடைய தொழில்.

"சரி. தீர்மானம் இதுதான். மழ நாளையில சிவனம்மா தங்கச்சிய யாரும் தட்டக் கூடாது. புள்ளைக போயி ஆத்தாகிட்ட சொன்ன வேண்டுதல வாபஸ் வாங்கணும். நானாவோட மக அங்கிட்டு வாபஸ் வாங்கணும்."

"தேங்கா?" என்றாள் கலைச்செல்வி.

"தேங்கா ஒடைக்கலாம். அதுக்குத் தடையில்ல."

"அப்ப மழைக்கு நாங்க என்னா செய்றது? மொதல்லேருந்து திருப்பிப் படிக்கணும் அப்பா. செக்கு ஆட்டுறவங்க எங்கெங்க வாறாங்கன்னு பாக்கணும். மந்திரிய இன்னம் விசாரிக்கல்ல."

"அதுக்கு வேற ஆளப் பாப்போம்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "படிக்கத் தெரிஞ்ச ஆளா, கண்ணாடி போட்ட ஆளா ஒருத்தர..."

சிவனம்மா எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சேலைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்தார், தோட்டத் தலைவர் இராமசாமியின் மூக்கில் மாட்டிவிட்டார். குட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்ததால் அவரால் விலக முடியவில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜுனைதீன் நானா கதவுக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"என்னா தங்கச்சி இது, எனக்கு எங்க நேரம்..." என்று ஆரம்பித்த தலைவரின் கண், சிவனம்மா நீட்டிய புத்தகத்தில் விழுந்தது. அதை வாங்கி விரித்தார். கூட்டத்துக்கு வருகிற கடிதங்களையெல்லாம், நேரமில்லை, நீயே படி என்று மகளிடம் நீட்டுகிறவர் அவர். அதன் காரணம் நேரமல்ல என்பது அன்றைக்கு லயத்துக்கே தெரிந்துபோனது.

"அட," என்றார். "எழுத்து தெரியுதே."

லயத்துச் சட்டப்படி அந்தக் கணமே பதவி கைமாறிவிட்டது. அதற்கு வழிமொழிய ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் வேண்டுதலை வாபஸ் வாங்கியதில் மழை நின்றதா, அல்லது வைகாசி முடிந்ததில் நின்றதா என்பதைத் தீர்மானிக்க இது இடமல்ல. இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றன. வெயில் வந்தது, பால் வெட்டினார்கள், பெருவிரல் ஆறியது. பிறகு ஒருநாள் விடியற்காலையில் மறுபடியும் தகரத்தில் சத்தம் கேட்டது. மாத்தயா குடையைத் தூக்கிக் காட்டினார்.

சிவனம்மா வந்து படுத்தார். கம்பளியைத் தலைவரை இழுத்தார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், கதவு தட்டப்படுமா என்று. யாரும் தட்டவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. "சத்தம் போடாம போங்கடா, அத்த தூங்குறாங்க!" என்று கலைச்செல்வி போட்ட சத்தம் பத்தாவது காம்பரா வரைக்கும் போனது. அங்கிருந்து ஒரு கிழவர், "யாருக்கு என்னா ஆச்சு?" என்று பதறினார். "ஒண்ணுமில்ல, சிவனம்மா தூங்குது!" என்று சுப்பம்மா சுவருக்கு மேலால் பதில் கொடுத்தார். இந்த அமைதி நடவடிக்கைகள் ஒருமாதிரி முடிந்து, லயம் அடங்கியது.

அப்புறம் ஒன்பதாவது காம்பராவிலிருந்து, சுவர்களைத் தாண்டித் தாண்டி, தலைவரின் குரல் வந்தது. மே தினக் கூட்டத்தில் பேசுகிற தொனியில் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ஒரு முழுப் பாட்டை விட்டுவிட்டுத் தாவினார். வேண்டுமென்றுதான். மந்திரிகள் ராசாவைப் புகழ்கிற பாட்டு அது, பிள்ளைகள் கேள்வி கேட்கிற இடம்.

"அப்பா, ஒண்ணு விட்டுட்டீங்க."

"அது ஒண்ணும் முக்கியமில்ல."

"ராத்திரி பூரா முழிச்சிருந்தா பகல்ல யாரு மாமா வேல பாத்தா?" இது கலைச்செல்வியின் குரல் இல்லை. சின்னக் குரல், புதிதாக வந்து சேர்ந்த வாண்டு யாரோ.

தலைவர் தாள் புரட்டுகிற சத்தம் வந்தது. சிவனம்மாவின் வாய் பாதி திறந்தது. சொல்லிவிடலாம், அஞ்சு சுவர் தாண்டி மந்திரிமாரு என்று ஒரு வார்த்தைதான்.

"அடுத்த பாட்டுக்குப் போவோம்," என்றார் தலைவர்.

சிவனம்மா வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.